மாலை நேர டிவியும் நம் பிள்ளைகளும்: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பெற்றோர் எதைக் கேட்பது?

டிவியில் வருவதிலிருந்து பிள்ளைகளை எப்படிக் காப்பது என்ற பேச்சு எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் எழுந்தால் ஆளுக்கொரு பதில் வருகிறது. சினிமாவுக்கு இருப்பது போல சீரியலுக்கும் வயது முத்திரை வேண்டும் என்கிறார் ஒருவர். செட்டாப் பாக்ஸில் லாக் இருக்கிறதே, போட்டுவிட்டால் ஆயிற்று என்கிறார் இன்னொருவர். அரசாங்கம் தடை செய்யட்டும் என்பவர்களும் உண்டு, கேபிளையே வெட்டிவிடலாம் என்பவர்களும் உண்டு. கிராம சபையில் தீர்மானம் கொண்டுவரலாம் என்பதில் எல்லோருக்கும் சம்மதம். எதைக் கேட்டுக் கொண்டுவருவது என்பதில்தான் சிக்கல். பாலக்கோடு பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் பெற்றோர் உறுப்பினராக இருக்கும் நான், ஒவ்வொரு வழியையும் மற்றதோடு வைத்துப் பார்த்து எழுதுவது இது.

எந்த வழியையும் நான் ஒரு கேள்வியை வைத்துத்தான் அளக்கிறேன். மாலை ஏழு மணிக்கு டிவி ஓடும்போது அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்து ஊர்களிலிருந்து பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்த் தங்கிவிட்ட பெற்றோர் ஏராளம். ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் பார்க்கும் குடும்பங்களில் அப்பாவோ அம்மாவோ வீடு திரும்பப் பிள்ளை தூங்கியே போயிருக்கும். டிவி முன்னால் பிள்ளையோடு இருப்பது பாட்டி. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் என்றால் அஜ்ஜியோ அவ்வாவோ. நாள் முழுக்கக் காட்டிலும் வீட்டிலும் உழைத்துவிட்டு உட்காரும் அவருக்கு இருக்கும் ஒரே பொழுதுபோக்கு சீரியல். அதை அவரிடமிருந்து பறிக்கும் எந்த யோசனையும் எனக்கு நியாயமாகப் படவில்லை, நடக்கவும் நடக்காது. ஆக, பெற்றோர் பக்கத்தில் இல்லாதபோதும் வேலை செய்கிற வழி எதுவோ அதுதான் நமக்கு வழி.

அப்படி என்ன கெட்டுவிடுகிறது என்று கேட்பவர்கள் உண்டு. 1960களின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா, பெரியவர் ஒருவர் ஒரு பொம்மையைப் போட்டு அடிப்பதை மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்கு நேரிலும் படத்திலும் காட்டினார். படத்தில் பார்த்த குழந்தைகளும் அதே அடியை, அதே சொற்களோடு பொம்மை மேல் இறக்கினார்கள். ஆய்வுக்கூடத்தில் பொம்மையை அடிப்பதும் வாழ்க்கையில் ஆளை அடிப்பதும் ஒன்றல்ல என்ற மறுப்பு அன்றிலிருந்தே உண்டு, அதுவும் சரிதான். ஆனால் பிள்ளை பார்த்ததைச் செய்யும் என்பதற்கு நமக்கு ஆய்வுக்கூடமும் தேவையில்லை.

எனக்குக் கவலை தருவது அடிதடி மட்டும் இல்லை. பாலில் விஷம் கலப்பது, குழந்தையைக் கடத்துவது, மருமகளை அறைவது, செத்துப்போவேன் என்று மிரட்டிக் காரியம் சாதிப்பது, இவையெல்லாம் இரவு ஏழிலிருந்து ஒன்பதரைக்குள் வந்து போகின்றன. எல்லாவற்றையும்விட மோசமானது, விருப்பமில்லாத பெண்ணின் கழுத்தில் திடீரென்று தாலியைக் கட்டிவிட்டு, போகப் போக அதைக் காதல் என்று காட்டுவது. குழந்தைத் திருமணத்தைத் தடுக்க அதிகாரிகளும் ஆசிரியர்களும் ஓயாமல் அலையும் மாவட்டங்கள் நம்முடையவை. எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளையின் கண் முன்னால், கட்டிய தாலி கட்டியதுதான் என்று பின்னணி இசையோடு தினமும் சொன்னால் நம் உழைப்பு என்ன ஆகும்? உலகத்தில் உள்ள எந்த முத்திரைப் பட்டியலை எடுத்தாலும் வன்முறை, ஆபாசம், கெட்ட வார்த்தை போன்றவைதான் இருக்கும். கட்டாயத் தாலி எந்தக் கட்டத்திலும் வராது. வழிகளை ஒப்பிடும்போது இது நினைவில் இருக்கட்டும்.

முத்திரை

பலரும் முதலில் கேட்பது இதைத்தான். இப்போது எதற்கெல்லாம் முத்திரை இருக்கிறது என்று பார்த்தால் குழப்பம் புரியும். 1952-ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுச் சட்டப்படி சினிமாவுக்கு உண்டு. 2023-ல் வந்த திருத்தம் யூ/ஏ என்ற ஒற்றைப் பிரிவை 7, 13, 16 என்று மூன்று வயதுப் படிகளாகப் பிரித்தது. ஓடிடி தளங்களுக்கு 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் இதே மாதிரியான படிகளை வைத்தன. 13 வயதுக்கு மேல் என்று குறித்தவற்றுக்குப் பெற்றோர் பூட்டு வசதியும் தரச் சொன்னது அந்த விதி. டிவியில் போடும் சினிமாவும் பாட்டும் டிரெய்லரும் தணிக்கைச் சான்றிதழோடு வர வேண்டும். ஆனால் வாரம் முழுக்க ஓடும் சீரியல், ரியாலிட்டி ஷோ, குற்றச் செய்தி நிகழ்ச்சி எதற்கும் முன்கூட்டிய சான்றிதழ் கிடையாது. பிள்ளைகள் அதிகம் பார்ப்பதற்குத்தான் முத்திரை இல்லை.

சரி, சீரியலுக்கும் முத்திரை வந்தால் தீருமா? இரண்டு நாடுகளைப் பாருங்கள். அமெரிக்காவில் 1997 முதல் டிவி நிகழ்ச்சிகளுக்கு வயது முத்திரை உண்டு. ஒளிபரப்பும் நிறுவனமே தன் நிகழ்ச்சிக்குத் தானே போட்டுக்கொள்ளும். செய்திக்கும் விளையாட்டுக்கும் விலக்கு. திரையின் மூலையில் வரும் எழுத்துகளுக்கு என்ன பொருள் என்று பெற்றோரே கற்றுக்கொள்ள வேண்டும். நெதர்லாந்தில் 2001-ல் கொண்டுவந்த கெய்க்வைசர் என்ற முறையில் வயதோடு சேர்த்துப் படங்கள் வரும். வன்முறைக்கு ஒரு படம், பயமுறுத்தும் காட்சிக்கு ஒன்று, போதைப்பொருளுக்கு ஒன்று, பாகுபாட்டுக்கு ஒன்று. அங்கேயும் முத்திரை போடுவது நிறுவனத்து ஆள்தான். ஆனால் பயிற்சி பெற்றவர், பொதுவான கேள்வித்தாளை நிரப்பித்தான் முத்திரையை எடுக்க முடியும். தவறாகப் போட்டால் புகார் போகும், அபராதம் வரும்.

நமக்கு எது பொருந்தும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் தருமபுரி, சுமார் 68.5 விழுக்காடு. பேரப்பிள்ளையோடு டிவி பார்க்கும் தலைமுறையை மட்டும் எடுத்தால் இன்னும் கீழே போகும். ஆங்கில எழுத்து முத்திரை அந்தப் பாட்டிக்கு எதையும் சொல்லாது. ஓசூர் பக்கம் ஒரே வீட்டில் தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று மொழிச் சேனலும் ஓடும். படம் என்றால் எந்த மொழிக்காரருக்கும் புரியும். இன்னொரு நன்மையும் உண்டு. இத்தனை வயதுக்கு மேல் மட்டும் என்ற அறிவிப்பு, பத்து வயதைத் தாண்டிய பையன்களுக்கு ஆசையைக் கூட்டிவிடுகிறது என்று அமெரிக்க ஆய்வுகள் கண்டிருக்கின்றன. உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்லும் குறிப்பில் அந்த ஈர்ப்பு குறைவு.

இருந்தாலும், எவ்வளவு நல்ல முத்திரையும் அதைப் பார்த்துவிட்டுச் சேனலை மாற்ற ஒருவர் இருந்தால்தான் உதவும். என் அளவுகோலில் அது பாதிதான் தேறுகிறது.

பூட்டு

இதில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. செட்டாப் பாக்ஸ்களில் சேனலைப் பூட்டும் வசதி உண்டு. பின் நம்பர் பெரும்பாலும் வாங்கும்போது இருந்த 0000 அல்லது 1234-ஆகவே கிடக்கும். மாற்றினாலும், அந்த வீட்டில் ரிமோட்டை நன்றாகக் கையாளத் தெரிந்தவர் ஆறாம் வகுப்புப் பிள்ளைதான், பாட்டிக்குச் சேனல் வைத்துத் தருவதும் அந்தப் பிள்ளைதான். அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு முதல் 13 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள எல்லா டிவியிலும் வி-சிப் என்ற பூட்டுக் கருவியைச் சட்டப்படி வைத்தார்கள். 2007-ல் கைசர் குடும்ப அறக்கட்டளை விசாரித்தபோது அதைப் பயன்படுத்திய பெற்றோர் 16 விழுக்காடுதான். பெற்றோர் வீட்டில் இருக்கும் நாட்டிலேயே கதை இப்படி.

பூட்டுக்கு இன்னொரு குறையும் உண்டு. அது பூட்டுவது முழுச் சேனலை. நமக்குச் சிக்கலோ பாட்டி விரும்பும் அதே சேனலில் வரும் சில காட்சிகள். 2019 முதல் வேண்டிய சேனலை மட்டும் காசு கட்டி எடுக்கலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் செய்த ஏற்பாட்டுக்கும் இதே பதில்தான்.

நேரக் கட்டுப்பாடு

பெற்றோர் இல்லாவிட்டாலும் நிற்கும் முதல் வழி இது. பிரிட்டனில் காலை ஐந்தரை முதல் இரவு ஒன்பது வரை, பிள்ளைகளுக்கு ஒவ்வாததைப் போடக் கூடாது. ஒன்பது அடித்த உடனே கொட்டிவிடவும் கூடாது, படிப்படியாகத்தான் போக வேண்டும். நெதர்லாந்தில் முத்திரையையும் கடிகாரத்தையும் சேர்த்துக் கட்டினார்கள். 12 வயது முத்திரை இரவு எட்டுக்கு மேல், 16 வயது முத்திரை பத்துக்கு மேல். முத்திரைக்கு உண்மையான பலம் அங்கேதான் வந்தது. வீட்டில் யாரும் அதைக் கவனிக்காவிட்டாலும் நிகழ்ச்சி எந்த நேரத்துக்குப் போகும் என்பதை அது முடிவு செய்துவிடுகிறது.

நம் நாட்டில் இது இல்லை என்று நினைக்க வேண்டாம். கேபிள் டிவி விதிகள் 1994-ன் ஆறாவது விதி, குழந்தைகளுக்கு ஒவ்வாத நிகழ்ச்சிகளைக் குழந்தைகள் மிக அதிகமாகப் பார்க்கும் நேரத்தில் போடக் கூடாது என்று நேராகவே சொல்கிறது. 30 ஆண்டுகளுக்கு முந்தைய விதி. அதில் இல்லாதது மணி. எந்த நேரம் என்று விதி சொல்லவில்லை, அதனால் யாரும் அதற்குக் கட்டுப்படவில்லை. 2011-ல் ஒளிபரப்பாளர்கள் சங்கம் தானாக ஒரு நெறி வகுத்துக்கொண்டது. அதன்படி நிகழ்ச்சிகள் இரண்டே வகை. எல்லோருக்குமானது எந்த நேரமும் வரலாம், கட்டுப்பாட்டுக்கு உரியது இரவு 11 முதல் காலை 5 வரை மட்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐந்து வயதுக் குழந்தைக்கான பாட்டும் மருமகளுக்கு விஷம் வைக்கும் சீரியலும் அந்த நெறியில் ஒரே வகைக்குள் போய்விடுகின்றன. நடுவில் படியே கிடையாது.

ஆகவே நாம் கேட்க வேண்டியது அந்த நடுப்படி. பள்ளிப் பிள்ளைகள் வீடு வந்து சேரும் நான்கு மணியிலிருந்து இரவு ஒன்பது வரை பிள்ளைகள் நேரம் என்று விதியிலேயே எழுத வேண்டும். சீரியலை நிறுத்தச் சொல்லவில்லை. தற்கொலை மிரட்டல், சித்திரவதை, கட்டாயத் தாலி போன்ற காட்சிகள் இல்லாமல் எடுங்கள், அல்லது ஒன்பதுக்கு மேல் போடுங்கள் என்கிறோம். சேனல்கள் கடுமையாக எதிர்க்கும். விளம்பரக் காசு அதிகம் கொட்டுவது அந்த ஏழிலிருந்து பத்துக்குள்தானே. எதிர்ப்பு வரும் என்பதற்காகக் கோரிக்கையைச் சுருக்க வேண்டியதில்லை. ஒரே அளவு எல்லோருக்கும் என்றால் எந்தச் சேனலும் போட்டியில் பின்தங்கப் போவதில்லை.

ஓர் ஓட்டையை மட்டும் முதலிலேயே அடைத்துவிட வேண்டும். இரவு நிகழ்ச்சியின் மிகக் கொடூரமான பத்து நொடியை வெட்டி, பிரமோ என்ற பெயரில் மாலை கார்ட்டூனுக்கு நடுவிலும் போடுவார்கள். பிரமோவும் அந்தக் கடிகாரத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்று தனியாக எழுதாவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

புகார்

தடை கேட்பவர்களுக்கு என் பதில் இந்த வழிதான். வந்தபின் பிடிப்பது. 2021 ஜூனில் திருத்திய கேபிள் விதிகள் மூன்று படி வைத்திருக்கின்றன. முதலில் சேனலுக்கே எழுத வேண்டும். 24 மணி நேரத்தில் ஒப்புகை, 15 நாளில் பதில். திருப்தி இல்லை என்றால் அடுத்த 15 நாளுக்குள் அந்தச் சேனல் சேர்ந்திருக்கும் சுயக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு மேல்முறையீடு. பொழுதுபோக்குச் சேனல்களுக்கும் செய்திச் சேனல்களுக்கும் தனித்தனி அமைப்புகள் உண்டு. அதற்கும் மேலே மத்திய அரசின் துறைகள் சேர்ந்த குழு.

தனி ஆள் இதைத் தொடர்ந்து நடத்துவது கஷ்டம். அதற்குள் அந்தக் கதாபாத்திரமே செத்து, கதை வேறு பக்கம் போயிருக்கும். ஆனால் ஒரு பள்ளியின் மேலாண்மைக் குழு, முப்பது பெற்றோர் கையெழுத்தோடு, ஒரே வடிவத்தில் எழுதினால் எடை வேறு. நமக்குச் செலவும் இல்லை. தவறவிடக் கூடாத வழி. இதை மட்டும் நம்பிவிடவும் கூடாது.

மாவட்டக் குழு

இதைப் பற்றித்தான் நம் ஊரில் மிகக் குறைவாகத் தெரியும். கேபிள் டிவியில் வருவதைக் கண்காணிக்க மாவட்டந்தோறும் ஒரு குழு இருக்க வேண்டும் என்று மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2005-லேயே ஆணை பிறப்பித்தது. தலைவர் மாவட்ட ஆட்சியர். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், மக்கள் தொடர்பு அலுவலர், ஒரு மகளிர் கல்லூரி முதல்வர், குழந்தைகள் நலத்துக்கும் பெண்கள் நலத்துக்கும் உழைக்கும் அமைப்புகளின் பிரதிநிதிகள், கல்வியாளர், உளவியலாளர் என்று உறுப்பினர்கள். பொதுமக்கள் அங்கே புகார் கொடுக்கலாம். பெரிய சேனல்களைப் பற்றிய புகாரை மாநில அரசு வழியாக மேலே அனுப்புவார்கள். உள்ளூர் கேபிள்காரர் நடத்தும் லோக்கல் சேனல் என்றால் அனுப்பிவைக்க வேண்டியதே இல்லை. 1995-ஆம் ஆண்டின் கேபிள் டிவி சட்டப்படி ஆட்சியரும் கோட்டாட்சியரும் அதிகாரம் பெற்ற அலுவலர்கள். நிகழ்ச்சி நெறியை மீறியதைத் தடுக்க அவர்களால் முடியும்.

லோக்கல் சேனலை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. திருவிழா நேரலை, காதுகுத்து வாழ்த்து, மாங்காய் மண்டி விலை என்று அவை நமக்கு நெருக்கமானவை. அதே சேனலில்தான் எந்த நேரத்தில் எந்தப் பாட்டும் படமும் ஓடும் என்று யாருக்கும் தெரியாது. மும்பையிலோ சென்னையிலோ இருக்கும் பெரிய நிறுவனத்தை அசைக்க வருஷங்கள் ஆகலாம். நம் தெருவுக்கு மாதம் தோறும் காசு வாங்க வரும் கேபிள்காரரிடம் நேரில் பேசலாம், பேச்சில் தீராவிட்டால் குழுவிடம் போகலாம். தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனமே மாநில அரசுடையது. பூட்டு மெனுவைத் தமிழில் தாருங்கள், படக் குறியோடு தாருங்கள் என்று அதனிடம் கேட்பது நம் உரிமை.

ஆனால் இந்த வழியில் ஒரு பயம் எனக்கு உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது சரியில்லை. பிள்ளைகளைக் காப்பதற்கான குழு, கலாச்சாரக் காவல் குழுவாக மாறிவிடக் கூடாது. ஒரு காதல் திருமணத்தை ஒட்டி 2012 நவம்பரில் நாயக்கன்கொட்டாய் பக்கத்துத் தலித் குடியிருப்புகள் எரிந்த மாவட்டம் இது. சாதி மாறிக் காதலிக்கும் கதையைப் பிள்ளைகளுக்குக் கெடுதல் என்று எழுதிக்கொடுக்க இங்கே ஆள் இருக்கிறது. அப்படி ஒரு புகார் ஏற்கப்படுமானால், கெட்ட சீரியல் செய்யும் கேட்டைவிடப் பெரிய கேட்டை நாமே செய்தவர்களாவோம். எனவே குழு எதைப் பார்க்கலாம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். பிள்ளை பின்பற்றிக் காயப்படக்கூடிய காட்சி, பிள்ளையைத் துன்புறுத்துவதை இயல்பாகக் காட்டுவது, குழந்தைத் திருமணத்தைப் போற்றுவது, பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தைச் செய்தியில் காட்டுவது, இவை போன்றவை மட்டும். கூட்டக் குறிப்பு வெளியே தெரிய வேண்டும். இந்த நிபந்தனை இல்லாமல் மாவட்டக் குழுவை நான் ஆதரிக்க மாட்டேன்.

நல்லதைக் கூட்டுவது

தடுப்பதைப் பற்றியே பேசுகிறோம். மாலை ஆறு மணிக்கு ஒரு பத்து வயதுப் பிள்ளை தமிழில் பார்க்க என்ன இருக்கிறது? சிறுவர் சேனல்களில் ஓடுவது பெரும்பாலும் வேறெங்கோ செய்து தமிழ்க் குரல் ஏற்றிய கார்ட்டூன். 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி பாடத்துக்கு உதவுகிறது. நாள் முழுக்கப் பள்ளியில் இருந்துவிட்டு வரும் பிள்ளை மாலையிலும் பாடத்தைத்தான் பார்க்க வேண்டும் என்பது கொஞ்சம் கொடுமை. அமெரிக்காவில் 1990-ல் ஒரு சட்டம் வந்து, 1996-ல் அதன்கீழ் வாரம் மூன்று மணி நேரமாவது பிள்ளைகளுக்கு அறிவூட்டும் நிகழ்ச்சி என்று நிலையங்களுக்கு அளவு வைத்தார்கள். நம் கல்வித் தொலைக்காட்சியே மாலையில் ஒரு மணி நேரம் கதைக்கும் விளையாட்டுக்கும் ஒதுக்கினால், ஒகேனக்கல் பரிசலோட்டியையும் சித்தேரி மலைப் பிள்ளைகளையும் நம் பிள்ளைகள் திரையில் பார்க்கலாம். இதற்கு யாரும் எதிர்ப்புச் சொல்ல மாட்டார்கள். காசும் மனசும்தான் தேவை. சீக்கிரம் நடக்காது என்பதால் முதல் கோரிக்கையாக வைக்கவில்லை, ஆனால் விடவும் இல்லை.

எல்லாம் கைப்பேசிக்குப் போய்விட்ட காலத்தில் டிவிக்கு என்ன விதி என்று கேட்கிறார்கள். கைப்பேசிக்கு வேறு வழி தேட வேண்டியதுதான். அதற்காக, கூரை போட்ட எல்லா வீட்டிலும் மாலையில் ஓடும் டிவியை விட்டுவிட முடியாது.

தீர்மானத்தில் என்ன எழுதலாம்

என் வரிசை இது. முதலிடம் நேரக் கட்டுப்பாடு, நான்கு முதல் ஒன்பது வரை, பிரமோவும் சேர்த்து. இதை மத்திய அரசுதான் செய்ய முடியும், ஆகவே தீர்மானத்தின் நகலைத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கும் நம் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அனுப்ப வேண்டும். கூடவே, எழுதப்பட்ட வரம்போடு மாவட்டக் குழு உயிரோடு இயங்க வேண்டும். இது ஆட்சியர் கையில் இருப்பது, மிக விரைவில் நடக்கக்கூடியது. படமுத்திரையை நேரக் கட்டுப்பாட்டோடு இணைத்துக் கேட்கலாம். பூட்டைக் கடைசியில் ஒரு வரியாகச் சேர்த்தால் போதும்.

கிராம சபைக்குக் காத்திருக்காமல் செய்யக்கூடியதும் உண்டு. மாவட்டக் கண்காணிப்புக் குழு கடைசியாக எப்போது கூடியது, உறுப்பினர்கள் யார், எத்தனை புகார் வந்தது, என்ன நடவடிக்கை எடுத்தார்கள் என்ற நான்கு கேள்வியை எழுதி, பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மாவட்டச் செய்தி மக்கள் தொடர்பு அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அனுப்பலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். குழு கூடவே இல்லை என்று பதில் வந்தால் அதையே இணைத்து, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுக்கலாம்.

புகார் எழுதும்போது சேனல் பெயர், தேதி, மணி, நிகழ்ச்சி பெயர், காட்சியில் நடந்தது ஒன்றிரண்டு வரியில், அப்போது பார்த்துக்கொண்டிருந்த பிள்ளையின் வயது, இவ்வளவு போதும். பிள்ளையின் பெயரை எழுத வேண்டாம். சீரியலே மோசம், காலமே கெட்டுவிட்டது என்று பொதுவாக எழுதிய மனுவில் நடவடிக்கை எடுக்க ஒன்றும் இருக்காது. இன்ன நாள் இரவு 7.40-க்கு இன்ன காட்சி, பிள்ளைகள் அதிகம் பார்க்கும் நேரத்தில் இதைப் போட்டது கேபிள் விதி ஆறுக்கு எதிரானது என்று எழுதினால் பதில் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் பள்ளியில் இதற்கு ஒரு பக்கப் படிவம் தயாராகிக்கொண்டிருக்கிறது. பாட்டிகள் வாயால் சொன்னாலே போதும், மேல் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள் எழுதிக்கொடுப்பார்கள்.